படைப்புக்கு ஐந்து மின்சார கார்கள்: தெரு டிரான்ஸ்பார்மர் தாங்குமா?

கேள்வி: செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் ஐயா வீடு பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். படைப்புக்கு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் சடங்கு) பங்காளிகள் எல்லாரும் கூடுவோம். இந்த முறை தெருவில் ஐந்து மின்சார கார்கள் நிற்கும். வீடுகளிலேயே சார்ஜ் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் ஆளுக்கொரு 7.2 கிலோவாட் சார்ஜரை மாட்டி, சாயங்காலம் வந்து இறங்கியதும் எல்லாரும் போட வேண்டாம்.

100 கேவிஏ (டிரான்ஸ்பார்மரின் திறன் அளவு) டிரான்ஸ்பார்மர் ஒரு ஃபேஸுக்கு, அதாவது மூன்று மின் லைனில் ஒன்றுக்கு, சுமார் 133 ஆம்பியர்தான் தரும். அந்தச் சார்ஜர் ஒன்றே 31 ஆம்பியர் இழுக்கும். ஐந்தும் ஒரே ஃபேஸில் விழுந்தால் 155. தெருவில் இருப்பது 63 கேவிஏ என்றால் ஒரே ஃபேஸில் மூன்று கார்களுக்கே தாங்காது. செட்டிநாட்டுத் தெருக்களில் வருஷம் முழுக்க லோடு குறைவு. படைப்பு, கல்யாணம் என்றால் ஒரே ராத்திரியில் அத்தனை வீட்டிலும் ஏசியும் மோட்டாரும் ஓடும். சராசரியைப் பார்த்து டிரான்ஸ்பார்மர் போதும் என்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

3.3 கிலோவாட் போதும் என்பேன். இரவு 11 மணிக்குப் போட்டால் காலைக்குள் 25 யூனிட்டாவது ஏறும். 150 கிலோமீட்டர் ஓடும். சென்னைக்குத் திரும்ப அது பத்தாது, அதனால் இரண்டு இரவு போடுங்கள், வழியில் ஃபாஸ்ட் சார்ஜரிலும் நிறுத்துங்கள். பங்காளிகளுக்குள் முறை வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. (படைப்புச் செலவுக்கே கணக்கு எழுதுகிற குடும்பங்கள், இதற்கும் ஒரு தாள் போடலாம்!)

அப்புறம் வீட்டு ஒயரிங். சுவரில் அடித்த மரப்பட்டியில் ஓடும் பழைய ஒயரில் காரைச் செருகவே கூடாது. 14 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடினால் ஜாயின்ட் சூடேறும். மீட்டரிலிருந்து தனி ஒயர், தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் அணையும் சுவிட்ச்) வேண்டும். மீட்டர் முன் தெருவில், கார் பின் தெருவில் என்றால் தூரத்துக்கேற்பக் கனமான ஒயர் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வோல்டேஜ் விழும். செம்புரான் (கெட்டியான செம்மண் கல்) பூமி காய்ந்தால் எர்த் பிடிக்காது. எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸை அளந்து பார்த்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

நிரந்தரமாக 7.2 வேண்டுமென்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கூடுதல் லோடுக்கும் த்ரீ ஃபேஸுக்கும் இப்போதே எழுதிக் கொடுங்கள். ஐந்து வீட்டுக்காரர்களும் தனித்தனியாக மனுக் கொடுத்தால்தான் தெருவின் லோடு ஏட்டில் ஏறும், டிரான்ஸ்பார்மரை மாற்றக் கேட்கவும் பிடி கிடைக்கும்.