முன் பாதமும் உடல் எடையும்: கோல்ஃப் கேள்வி பதில்

வலது கையாட்டக்காரரை மனதில் வைத்தே சொல்கிறேன்; அவருக்கு முன் பாதம் என்பது இலக்குப் பக்கம் நிற்கும் இடது பாதம். இடது கையாட்டக்காரர்கள் காலை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கே: பந்தின் முன் நிற்கும்போது இடது பாதம் நேராக இருக்க வேண்டுமா?

ப: வேண்டாம், சற்று வெளியே திருப்புங்கள். வலது பாதம் நேராகவும் இடது பாதம் சுமார் 22 டிகிரி வெளியேயும் இருக்கட்டும் என்று அமெரிக்க கோல்ஃப் வீரர் பென் ஹோகன் 1957-லேயே எழுதிவிட்டார். நேராக வைத்தால், அடித்த பிறகு இடுப்பு சுழல இடமிருக்காது. ரொம்பத் திருப்பினாலோ பேக்ஸ்விங்கில், அதாவது மட்டையைப் பின்னால் தூக்கும்போது, இடுப்பு திரும்ப மறுக்கும்.

கே: 'எடையை மாத்து' என்கிறார் கோச். மாற்றினால் பந்தின் தலையில்தான் அடி விழுகிறது, சார்.

ப: நீங்கள் மாற்றுவது எடையை அல்ல; தலையோடு சேர்த்து உடம்பையே முன்னால் தள்ளுகிறீர்கள். அதுவும் தாமதமாக. கல் எறிந்து பாருங்கள்: கை பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே முன் கால் ஊன்றிவிடும். இங்கும் அதே வரிசைதான். பேக்ஸ்விங் முடிவதற்குச் சற்று முன்பே இடது பாதம் தரையை அழுத்தத் தொடங்க வேண்டும்.

இதற்கு ஒரு பயிற்சி. பாதங்களைச் சேர்த்து நின்று, 7 அயர்னை (நடுத்தரத் தூரத்துக்கான மட்டை) மெதுவாகப் பின்னால் கொண்டுபோங்கள். அது மேலே போய்ச் சேருமுன் இடது காலை இலக்குப் பக்கம் எடுத்து வைத்து அடியுங்கள். முதல் பத்துப் பந்து கண்ட இடத்துக்குப் போகும், போகட்டும். அப்புறம் புல்லைப் பாருங்கள். அடிக்கும் முன்பே பந்துக்குப் பக்கவாட்டில் நேரே, மட்டை படாத தூரத்தில் ஒரு டீயை (பந்தை வைக்கும் சிறு முளை) குத்தி வையுங்கள். மண் பெயர்ந்த இடம் அதைத் தாண்டி இலக்குப் பக்கம் இருந்தால் சரி. பின்னால் பெயர்ந்திருந்தால் எடை இன்னும் வலது காலில்தான் கிடக்கிறது.

கே: பேக்ஸ்விங்கில் இடது குதிகாலைத் தூக்கலாமா?

ப: மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளில் 18 வென்ற ஜாக் நிக்லாஸ் தூக்கினார். இடுப்பு இறுகியவர்களுக்கு உதவும். தூக்கிய இடத்திலேயே ஊன்றினால் போதும்.

கே: வயது 60. அடித்து முடிக்கும்போது இடது முழங்கால் வலிக்கிறது.

ப: முதலில் டாக்டரைப் பாருங்கள். ஆட்டத்தில், பாதத்தை இன்னும் கொஞ்சம் வெளியே திருப்பி வையுங்கள். அடித்தபின் அது சுழன்று போனால் தடுக்காதீர்கள். பாதம் அசையாமல் உடம்பு மட்டும் சுழன்றால் முறுக்கு முழங்காலில் ஏறும். 2012, 2014-இல் மாஸ்டர்ஸ் என்ற மேஜர் போட்டியை வென்ற பபா வாட்சனைப் பாருங்கள், முன் பாதம் சறுக்கித் திரும்பும். அவர் இடது கையாட்டக்காரர், ஆகவே உங்களுக்கு அது கண்ணாடியில் பார்ப்பது போலத் தெரியும்.