காலை டவுன் பஸ் நின்றுபோனது பற்றி

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் உங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த காலை டவுன் பஸ் நின்றுவிட்டது, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் மெயின் ரோடு வரை மூன்று கிலோமீட்டர் நடக்கிறார்கள், மனு கொடுத்தும் பதில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது.

எங்கள் ஊரிலும் "பஸ் வேண்டும்" என்று மொட்டையாக எழுதிய மனு இரண்டு முறை அப்படியே கிடந்தது. அப்புறம்தான் ஒரு வாரம் கணக்கு எடுத்தோம். எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர், எங்கே போகிறார்கள், எத்தனை மணிக்கு ஷிப்ட். தையலுக்குப் போகும் அக்கா ஒருவர் சாப்பாட்டுப் பைமேல் நோட்டை வைத்து, இருட்டு விலகுவதற்குள் பேர் பேராக எழுதினார். போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர் அந்த நோட்டைத்தான் புரட்டிப் பார்த்தார். நேரம் மாறி பஸ் திரும்ப வந்தது.

நீங்களும் அப்படியே எடுங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு மனுவைத் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

மினி பஸ் போதுமா என்று கேட்டீர்கள். 2025இல் வந்த புதிய திட்டத்தில் வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம், பெரும்பகுதி பஸ் இல்லாத ரோடாக இருக்க வேண்டும். ஆனால் அது தனியார் வண்டி. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், தைப்பவருக்கு அது பெரிய காசு. அதனால் முதலில் அரசு பஸ்ஸையே கேளுங்கள். கம்பெனி வேன் வருகிறதே என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். உழவர் சந்தைக்குக் கீரைக்கட்டு கொண்டுபோகும் பாட்டியை அந்த வேன் ஏற்றாது.