ஐரெம் கேம்கள்: கேட்டதும் சொன்னதும்

மெட்டல் ஸ்லக் என்ற சுடும் கேமைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது போகிற போக்கில் ஐரெம் என்று ஒரு ஜப்பானிய கம்பெனியின் பெயரைச் சொல்லிவிட்டேன். அது யார், என்னென்ன கேம் போட்டார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இவர்களுடைய கேம்களில் நான் முடித்ததைவிட அடிவாங்கித் திரும்பியதே அதிகம்.

கேள்வி: கொனாமி தெரியும், காப்காம் தெரியும். ஐரெம் என்று கேள்விப்பட்டதே இல்லையே சார்?

பெயர் தெரியாமல் இருக்கலாம், கேம் தெரிந்திருக்கும். 90களில் உங்கள் வீட்டில் டிவி கேம் இருந்ததா? '9999999 இன் 1' என்று புளுகிய அந்தக் கேட்ரிட்ஜில் மாரியோவுக்கும் காண்ட்ராவுக்கும் பக்கத்தில் பெரும்பாலும் குங்ஃபூ என்று ஒன்று இருக்கும். ஒருவன் இடப்பக்கமாக நடந்துகொண்டே போவான். எதிரே வரும் ஆட்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்தே அவன் உயிரைக் குடிப்பார்கள். அதன் அசல், காசு போட்டு ஆடும் மெஷினில் (ஆர்கேட்) வந்த ஐரெமின் கேம்.

கம்பெனி 1974-ல் ஐபிஎம் என்ற பெயரில் தொடங்கியது. கம்ப்யூட்டர் விற்ற அந்த ஐபிஎம் இல்லை, இதில் நடு எழுத்து B அல்ல, P (IPM). தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், ஜப்பானிலும் கிட்டத்தட்ட அதே குழப்பம்தான். 1979-ல் ஐரெம் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். தொடங்கியவர் கென்சோ ட்சுஜிமோட்டோ. பின்னால் காப்காமைத் தொடங்கியவரும் இவரேதான். அவர் போன பிறகு கம்பெனி நானாவோ என்ற மானிட்டர் கம்பெனியின் கையில் இருந்தது. நானாவோதான் இன்றைய எய்சோ. டாக்டர்கள் எக்ஸ்ரே, ஸ்கேன் படம் பார்க்கும் விலை உயர்ந்த மானிட்டர்கள் செய்கிறார்களே, அவர்கள்.

கேள்வி: அண்ணா, அந்தக் குங்ஃபூ ஜாக்கி சான் படத்திலிருந்து எடுத்ததா?

பெயரளவில் ஆமாம். 1984-ல் ஆர்கேடில் வந்தபோது ஜப்பானில் அதற்கு ஸ்பார்ட்டன் எக்ஸ் என்று பெயர். ஜாக்கி சான் நடித்த ஒரு படம் அங்கே அதே பெயரில் ஓடியது. நாயகன் தாமஸ், கடத்தப்பட்ட சில்வியா, இந்த இரண்டு பெயரும் படத்திலிருந்து வந்தவை. ஆனால் ஐந்து மாடி ஏறுவது, மாடிக்கு ஒரு தலைமை அடியாள் காத்திருப்பது எல்லாம் ப்ரூஸ் லீயின் கடைசிப் படத்தை நினைவூட்டும். ஜப்பானுக்கு வெளியே படத்தின் பெயரை விட்டுவிட்டு குங்ஃபூ மாஸ்டர் என்று விற்றார்கள்.

நீங்கள் டிவியில் ஆடியது நின்டெண்டோ தன் வீட்டுக் கன்சோலான ஃபேமிகாமுக்காக 1985-ல் செய்த வடிவம். அதில் வேலை பார்த்தது மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியமோட்டோவின் குழு. திரையைப் பக்கவாட்டில் வழுக்காமல் நகர்த்தும் வித்தையை அவர்கள் எக்ஸைட்பைக் என்ற கேமிலும் இதிலும் பழகிக்கொண்டார்கள். அதே வருடம் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வந்தது. ஆக, மாரியோ ஓடிய பாதையில் தாமஸ் முன்பே நடந்துவிட்டுப் போயிருக்கிறான்.

கேள்வி: ஸ்ட்ரீட் ஃபைட்டரும் இவர்களிடமிருந்துதான் வந்தது என்று ஒரு நண்பன் சாதிக்கிறான். உண்மையா?

கம்பெனியிடமிருந்து இல்லை, ஆளிடமிருந்து. குங்ஃபூ மாஸ்டரை வடிவமைத்தவர் தகாஷி நிஷியாமா. அதற்கு முன் 1982-ல் மூன் பேட்ரோல் செய்தவரும் அவர்தான். பிறகு காப்காமுக்குப் போனார், 1987-ல் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் வந்தது. குங்ஃபூ மாஸ்டரில் ஒவ்வொரு மாடி முடிவிலும் ஒருவனோடு ஒருவனாக மோதுகிறோம் இல்லையா, அந்தத் துண்டை மட்டும் பிடுங்கி முழு கேமாக்கினால் என்ன என்பதுதான் யோசனை. அதை அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் எஸ்என்கே என்ற இன்னொரு கேம் கம்பெனிக்குப் போய் ஃபேட்டல் ஃப்யூரி என்ற சண்டை கேம். 2000-ல் டிம்ப்ஸ் என்று சொந்தமாகக் கம்பெனி. அந்த டிம்ப்ஸ்தான் பின்னால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-ல் காப்காமோடு சேர்ந்து வேலை பார்த்தது.

நண்பனிடம் பாதி பந்தயத்தைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மூன் பேட்ரோலில் அப்படி என்ன விசேஷம்? நிலாவில் ஒரு வண்டி போகிறது, குழி வந்தால் குதிக்கிறது. அவ்வளவுதானே?

பின்னணியைப் பாருங்கள். தூரத்து மலை மெதுவாக நகரும், பக்கத்து மேடு வேகமாக நகரும். பஸ் ஜன்னலில் பார்ப்பது போல ஆழம் தெரியும். இப்படி அடுக்கடுக்காகப் பின்னணியை நகர்த்திய ஆரம்பகால கேம்களில் இது முக்கியமானது. மற்றபடி, ஆமாம், குழி வந்தால் குதிக்க வேண்டியதுதான்.

கேள்வி: ஆர்-டைப்பை எல்லோரும் ஆஹா ஓஹோ என்கிறார்கள். நான் மூன்று தடவை முயன்று விட்டுவிட்டேன். எனக்கு விளங்காதது என்ன?

மூன்று தடவையா? முப்பது தடவைக்குப் பிறகு வந்து கேளுங்கள் தம்பி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இந்த கேமே அப்படிக் கட்டப்பட்டது.

1987-ல் வந்தது. அப்போதைய விண்கலச் சுடும் கேம்களில் வேகமும் கைத்திறனும் போதும். ஆர்-டைப்பில் கலம் மெதுவாகத்தான் போகும், திரை அதைவிட மெதுவாக நகரும். காரணம், இங்கே சுடுவதைவிட எங்கே நிற்பது என்பதுதான் கணக்கு. ஃபோர்ஸ் என்ற உருண்டை ஒன்று கிடைக்கிறதே, கேமின் உயிர் அதில்தான். மூக்கில் மாட்டலாம், பின்னால் மாட்டலாம், கழற்றி முன்னே எறியலாம். அதை யாராலும் உடைக்க முடியாது. சின்னக் குண்டுகளைத் தடுக்கும், எதிரி மேல் பட்டால் அவனையே அரிக்கும். கேடயமும் அதுதான், ஆயுதமும் அதுதான். மாட்டியபடி நிறம் நிறமாக வரும் கல்லை எடுத்தால் லேசர் மாறும்: சிவப்பு நேரே முறுக்கிக்கொண்டு போகும், நீலம் சுவரில் பட்டுத் தெறிக்கும், மஞ்சள் தரையிலும் கூரையிலும் ஊர்ந்து போகும். சந்து பொந்து நிறைந்த இடத்தில் சிவப்பை எடுத்துவிட்டீர்கள் என்றால் உங்கள் தலைவிதி.

இதோடு பொத்தானை அழுத்திப் பிடித்து விட்டால் பாயும் அலைப் பீரங்கி வேறு. பிடித்திருக்கும் நேரமெல்லாம் நீங்கள் சுடவில்லை. காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு நொடியும் முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாவது ஸ்டேஜைப் பாருங்கள். ஸ்டேஜ் முழுவதும் ஒரே ஒரு போர்க்கப்பல். திரைக்குள் அடங்காத அந்தக் கப்பலைச் சுற்றிச் சுற்றி, அடிவயிற்றில் புகுந்து, பீரங்கி பீரங்கியாகப் பிய்க்க வேண்டும். 1987-ல் காசு போட்டு இதைப் பார்த்தவன் வாயைப் பிளந்திருப்பான்.

கதையும் கொஞ்சம் குரூரம். பைடோ என்ற எதிரி வேற்றுக்கிரகத்து ஜந்து இல்லை. வருங்காலத்து மனிதர்கள் ஆயுதமாக உருவாக்கி, கைமீறிப் போய், காலத்தில் பின்னோக்கி வந்தது. உங்களைக் காக்கும் அந்த ஃபோர்ஸ் உருண்டையும் பைடோவின் சதையிலிருந்து செய்ததுதான். தெரிந்த பிறகு அதை மூக்கில் மாட்டவே ஒரு மாதிரி இருக்கும்.

கஷ்டம் எங்கே என்றால், செத்தால் சேர்த்த ஆயுதமெல்லாம் போய், கொஞ்சம் பின்னால் இருந்து வெறுங்கையோடு தொடங்க வேண்டும். ஆகவே மனப்பாடம் தவிர வழியில்லை. இதை அநியாயம் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. எனக்கு இது தாளம் பழகுவது போல. முதலில் விரல் தடுமாறும், பிறகு கை தானாகப் போகும்.

கேள்வி: வீட்டுக் கன்சோல்களில் எந்த ஆர்-டைப் நன்றாக இருக்கும்?

பிசி எஞ்சின் என்ற ஜப்பானிய கன்சோலில் வந்த வடிவம் அந்தக் காலத்தில் அதிசயம். ஜப்பானில் 1988-ல் ஒரே கேமை இரண்டு கேம் அட்டையாக (கேட்ரிட்ஜ் மாதிரி) பிரித்து விற்றார்கள். முதல் பாதிக்கு ஒரு விலை, மறுபாதிக்கு இன்னொரு விலை! அமெரிக்காவில் ஒரே அட்டையில் வந்தது. நின்டெண்டோவின் அடுத்த கன்சோலான சூப்பர் ஃபேமிகாமில் 1991-ல் வந்த சூப்பர் ஆர்-டைப்பை நான் சிபாரிசு செய்யமாட்டேன். திரையில் நாலு பேர் சேர்ந்தால் கேம் மூச்சு வாங்கும். செத்தால் ஸ்டேஜின் முதலிலிருந்து. அந்தக் கன்சோலில்தான் ஆட வேண்டும் என்றால் 1993-ல் வந்த ஆர்-டைப் 3. மூன்று வகை ஃபோர்ஸில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், ஓட்டமும் சீராக இருக்கும்.

கேள்வி: சிரிக்கச் சிரிக்க ஆட ஏதாவது உண்டா? எல்லாமே இப்படி இறுக்கம்தானா?

டைகு நோ கென்-சான், 1990. வெளிநாட்டில் ஹாமரின் ஹாரி. நாயகன் ஒரு தச்சன். வீட்டை ஒரு கட்டுமானக் கம்பெனி இடித்துவிட, பெரிய மரச்சுத்தியலைத் தூக்கிக்கொண்டு நியாயம் கேட்கப் புறப்படுகிறான். ஜப்பானில் இவன் பச்சிங்கோ என்ற சூதாட்ட மெஷின்களில் ஏறி, கேமைவிடப் பெரிய ஆளாகிவிட்டான்.

இன்னொன்று 1993-ன் நிஞ்சா பேஸ்பால் பேட் மேன். பேஸ்பால் உடுப்பில் நாலு நிஞ்சாக்கள் மட்டையால் ஊரையே சாத்துவார்கள். வந்த காலத்தில் விற்கவில்லை. பல வருடம் கழித்து, பழைய கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டரில் ஆடியவர்கள்தான் இதற்குக் கோவில் கட்டினார்கள். நாலு பேர் சேர்ந்து ஆடுங்கள். தனியாக ஆடினால் பாதி சுவை போய்விடும்.

கேள்வி: மெட்டல் ஸ்லக்குக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லவே இல்லையே?

1994-ல் ஐரெம் கேம் தயாரிப்பையே நிறுத்திக்கொண்டது. வெளியே வந்தவர்களில் சிலர் நாஸ்கா என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். 1996-ல் எஸ்என்கேயின் நியோ ஜியோ கேம் கருவிக்கு அவர்கள் செய்ததுதான் மெட்டல் ஸ்லக். சந்தேகமிருந்தால் ஐரெமின் 1993 கேமான இன் த ஹன்ட்டை ஒரு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். நீர்மூழ்கிக் கப்பல் கேம். வெடிப்பில் சிதறும் ஒவ்வொரு இரும்புத் துண்டும் புள்ளி புள்ளியாக வரைந்தது. குண்டுக் குண்டான பீரங்கிகள், புகையின் திரட்சி... பார்த்ததும் கை தெரிந்துவிடும். ஐரெமின் இன்னொரு கேமான கன்ஃபோர்ஸ் 2 அதைவிட நெருக்கம், கிட்டத்தட்ட மெட்டல் ஸ்லக்கின் ஒத்திகை.

கேள்வி: நிலநடுக்கம் பற்றி ஐரெம் ஒரு கேம் செய்து அது நின்றுபோனதாகப் படித்தேன். என்ன நடந்தது?

1997-ல் நானாவோ புதிதாக ஒரு ஐரெமைத் தொடங்கியது. அங்கே உருவான தொடர்தான் ஸெட்டாய் ஸெட்சுமெய் தோஷி. முதல் பாகம் 2002-ல் பிளேஸ்டேஷன் 2-ல் வந்தது, ஆங்கிலத்தில் டிசாஸ்டர் ரிப்போர்ட். கடலில் மண் கொட்டி எழுப்பிய ஒரு செயற்கைத் தீவு நகரம் நிலநடுக்கத்தில் குலைகிறது. நீங்கள் அங்கே வேலைக்குப் புதிதாக வந்த செய்தியாளர். துப்பாக்கி தூக்கும் வீரன் இல்லை. தண்ணீர்க் குழாய் எங்கே, அடுத்த அதிர்வுக்கு முன் எதைப் பிடித்துக்கொள்வது, கூட வருபவளை விட்டுப் போகலாமா, இவைதான் கவலை. அசைவு கரடுமுரடுதான், ஆனால் பாலம் உடைந்து விழும்போது உள்ளங்கை வியர்க்கும்.

நான்காம் பாகம் பிளேஸ்டேஷன் 3-க்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது 2011 மார்ச் 11 வந்தது. தோஹொகு நிலநடுக்கம், சுனாமி. மூன்றே நாளில், மார்ச் 14 அன்று, கேமைக் கைவிடுவதாக ஐரெம் அறிவித்தது. தொடரை உருவாக்கிய கஸுமா குஜோ அடுத்த மாதமே கிரான்ஸெல்லா என்று தனிக் கம்பெனி தொடங்கினார். பிறகு அந்தத் தொடரின் உரிமையை வாங்கி, 2018-ல் நான்காம் பாகத்தை வெளியிட்டே விட்டார்.

கேள்வி: ஆர்-டைப் ஃபைனல் என்று முடித்துவிட்டு, ஃபைனல் 2 என்று எப்படி வந்தது?

நம் ஊர் மெகா சீரியல் பார்த்ததில்லையா? 2003-ன் ஃபைனல் உண்மையாகவே விடைபெறும் கேம்தான். 101 கலங்கள், ஒவ்வொன்றையும் திறந்து திறந்து சேர்க்க வேண்டும். ஐரெமுக்கு ஒரு குறும்பு உண்டு: ஏப்ரல் 1 வந்தால் இல்லாத கேமுக்கெல்லாம் ஜோராக விளம்பரம் செய்வார்கள். குஜோ அந்தப் பழக்கத்தை விடவில்லை. 2019 ஏப்ரல் 1 அன்று ஃபைனல் 2 என்று அறிவித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அது நிஜம். ரசிகர்களிடமே பணம் திரட்டி 2021-ல் வெளியிட்டார்கள்.

கேள்வி: இப்போது இவற்றை முறையாக வாங்கி ஆட வழி உண்டா? எங்கே தொடங்குவது?

ஆர்-டைப் டைமென்ஷன்ஸ் இஎக்ஸ் வாங்குங்கள். முதல் இரண்டு பாகமும் இருக்கிறது. பழைய படம், புதிய முப்பரிமாணப் படம் இரண்டுக்கும் ஆடும்போதே மாறலாம். செத்த இடத்திலேயே எழுந்து தொடரும் முறையும் உண்டு. ஊர் சுற்றிப் பார்க்க அது நல்லது, ஆனால் ஆர்-டைப் ஆடினேன் என்று அதை வைத்துச் சொல்லாதீர்கள். மூன் பேட்ரோல், இமேஜ் ஃபைட், விஜிலான்டே எல்லாம், பழைய ஆர்கேட் கேம்களை இன்றைய கன்சோல்களில் விற்கும் ஆர்கேட் ஆர்கைவ்ஸ் வரிசையில் கிடைக்கின்றன. விஜிலான்டே குங்ஃபூ மாஸ்டரின் தம்பி முறை, 1988.

கேள்வி: சார், சின்ன வயதிலிருந்து ஒரு சந்தேகம். குங்ஃபூவில் கட்டிப்பிடிப்பவர்களை உதறவே முடியாதா? எனக்கு எப்போதும் உயிர் போகும்வரை பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

இடது, வலது, இடது, வலது என்று பட்டனை வேகமாக மாற்றி மாற்றி அடியுங்கள். விட்டுவிடுவார்கள்.