கூப்பிட்டால் வர நாய்க்கு என்ன ஆதாயம்?

எங்கள் எட்டு மாத லாப்ரடாரை மாலையில் மொட்டை மாடியில் அவிழ்த்துவிடுகிறோம். கீழே இறங்கும் நேரத்தில் கூப்பிட்டால் நான்கடி தூரம்வரை வருகிறான். கையை நீட்டியதும் நழுவிவிடுகிறான். தினமும் அரை மணி நேரம் துரத்த வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் சமர்த்தாக இருப்பவன் மாடியில் மட்டும் ஏன் இப்படி?
– வாசகி, சென்னை

மாடியில் அவனை எத்தனை முறை கூப்பிடுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே முறை, அதுவும் விளையாட்டை முடிக்க. அந்தக் குரலுக்கு வந்தால் சங்கிலி, படிக்கட்டு, பூட்டிய கதவு. வராவிட்டால் இன்னும் அரை மணி நேர விளையாட்டு, துரத்திப் பிடிக்க நீங்களும் சேர்ந்துகொள்கிறீர்கள். அவன் கணக்கில் பிழையே இல்லை.

நாளை முதல் மாடியில் பத்து முறை கூப்பிடுங்கள். வந்ததும் கழுத்துப்பட்டையைப் பிடியுங்கள், பிறகு வேகவைத்த கோழி ஈரலில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டு, உடனே ‘போ’ என்று விட்டுவிடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. தீனியை முதலில் கொடுத்தால் அதைக் கவ்விக்கொண்டு நழுவும் வித்தையைத்தான் கற்றுக்கொள்வான். ஒன்பது முறை திரும்ப விளையாடப் போகிறவனுக்குப் பத்தாவது அழைப்பின்மீது சந்தேகம் வராது. கீழே இறங்கியதும் சோற்றுத் தட்டு காத்திருக்கட்டும். அப்படியும் நழுவினால் துரத்தாதீர்கள். முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் ஓடுங்கள், அல்லது குந்தி உட்கார்ந்து தரையில் எதையோ கிளறுங்கள். என்னவென்று பார்க்க அவனே வருவான்.

இன்னொன்று, ‘வா’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அது உங்கள் வீட்டில் கெட்டுப்போய்விட்டது. என் முதல் நாயிடம் நானும் இதே தவற்றைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ‘வா’ என்று அழைத்துத்தான் குளிப்பாட்டினேன். சில மாதங்களில் அந்தச் சொல்லைக் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ‘ஓடி வா’ என்று புதிய சொல் வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. குளியல், மருந்து, நகம் வெட்டுதல் இவற்றுக்கு நாயைக் கூப்பிடாதீர்கள். நீங்கள் அதனிடம் போங்கள்.

வெளியே ஓடிவிட்டுத் திரும்பி வந்ததும் நாலு அடி போட்டால்தான் அடுத்த முறை ஓடாது என்கிறார் என் மாமனார். சரியா?
– வாசகி, திருச்சி

சரியில்லை. அடி விழும்போது நாய் கடைசியாகச் செய்த காரியம் ஓடியது அல்ல, திரும்பி வந்தது. அதற்குத்தான் அடி என்று அது புரிந்துகொள்ளும். ஒரு மணி நேரம் அலையவிட்டாலும், எவ்வளவு கோபம் வந்தாலும், வந்த நாயைத் தட்டிக்கொடுங்கள். மாமனாரிடம் வாதம் வேண்டாம். ஈரல் கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுத்து, நாயைக் கூப்பிடும் பொறுப்பையும் ஒரு வாரம் அவரிடமே விடுங்கள்.

பதினான்கு மாதச் சிப்பிப்பாறை நாய். வீட்டிலும் தெருவிலும் ஒரு குரலுக்கு வரும். காட்டுப் பக்கம் போனால் முயலையோ ஆட்டையோ கண்டதும் பறந்துவிடுகிறது. என்னதான் கத்தினாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.
– வாசகர், கோவில்பட்டி

சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் நாய்கள். கண்ட பொருளை நோக்கிப் பாய, யாரிடமும் கேட்காமல் பாய, தலைமுறை தலைமுறையாக நம் ஆட்களே தேர்ந்து வளர்த்தவை. ஓட்டம் பிடித்துவிட்டால் உங்கள் குரல் அதற்கு எட்டுவதே இல்லை. இதை அடங்காமை என்று நினைக்காதீர்கள்.

ஆனால் பாய்வதற்கு முன் ஒரு கணம் இருக்கிறது. காது நிமிரும், உடல் விறைக்கும், பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். கூப்பிட வேண்டிய நேரம் அதுதான். அதைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நடக்க முடியாது.

பத்து மீட்டர் பருத்திக் கயிறு வாங்குங்கள். நைலான் உருவினால் உள்ளங்கை வெந்துவிடும். கயிற்றைக் கழுத்தில் கட்டாமல் மார்புப் பட்டையில் கட்டுங்கள். இந்த வேகத்தில் ஓடும் நாய் கயிற்றின் முடிவில் வெட்டி நின்றால் கழுத்து என்ன ஆகும்? உங்கள் கையிலும் சுற்றிக்கொள்ளாதீர்கள். முதலில் வீட்டு முற்றம், பிறகு அறுவடை முடிந்த வெற்று நிலம், அதன் பிறகே தொலைவில் ஆடுகள் மேயும் இடம். ஒரு முறைதான் கூப்பிட வேண்டும். வரவில்லையென்றால் நாலு தரம் கத்தாதீர்கள். ஆடுகளிடமிருந்து இன்னும் விலகிப் போய் அங்கே கூப்பிட்டுப் பாருங்கள்.

இந்த நாய்க்கு ஈரலைவிடப் பெரிய பரிசு ஓட்டம். வேறொரு கயிற்றின் நுனியில் கந்தல் துணியைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் அதைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடுங்கள், துரத்திக் கவ்வட்டும். பல மாதங்கள் இப்படிச் செய்தும் திறந்த வெளியில் முழு நம்பிக்கை வராத நாய்கள் உண்டு. அவற்றை வேலி போட்ட இடத்தில் மட்டும் அவிழ்த்துவிடுங்கள். முயல் வேட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான்கு மாத ராஜபாளையம் குட்டி. தூய வெள்ளை. எவ்வளவு கூப்பிட்டாலும் வருவதில்லை. பிடிவாத இனம், வளர்ந்தால் சரியாகும் என்கிறார்கள்.
– வாசகர், விருதுநகர்

பயிற்சிக்கு முன் காதைச் சோதியுங்கள். நிறமிச் செல்கள் உள்காதுக்கும் தேவை. அவை இல்லாத வெள்ளை நாய்கள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. டால்மேஷனில் இது நன்கு அறியப்பட்டது, ராஜபாளையத்திலும் உண்டு. குட்டி தூங்கும்போது அதன் கண்ணில் படாமல், தரை அதிராமல், சற்றுத் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். அசையவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டிக்குச் சத்தம் கேட்கும், திசை தெரியாது. கூப்பிட்டால் தலையைச் சுழற்றித் தேடும். அதைப் பிடிவாதம் என்று சொல்லி அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சு பொறுக்கவில்லை.

கேட்காவிட்டாலும் கற்றுக்கொள்ளும். பகலில் அகல விரித்த கை, இரவில் தரையில் இரு முறை மின்னும் டார்ச் ஒளி. சைகைக்குப் பின் ஒவ்வொரு முறையும் தீனி. தானாக உங்களைத் திரும்பிப் பார்த்தாலும் தீனி. தெருவில் மட்டும் கயிறு இல்லாமல் விடவே கூடாது.

மூன்று வயதுத் தெருநாயை வீட்டுக்கு அழைத்து வந்து ஆறு வாரமாகிறது. வெளியே போனால் கோழித் துண்டைக்கூடத் தொடுவதில்லை. பிறகு எப்படிப் பழக்குவது?
– வாசகி, கோவை

பசி இல்லாமல் இல்லை, பயம். மிரண்டிருக்கும் நாய்க்குத் தொண்டையில் எதுவும் இறங்காது. வெளியே பயிற்சியை நிறுத்திவைத்து, வீட்டில் ஒவ்வொரு வேளையும் சோறு வைக்கும்போது புதிய சொல்லால் ஒரு முறை அழையுங்கள். குனிந்து மேலே கவியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து அழைப்பது நல்லது. வாசலில் நின்று அது உண்ணத் தொடங்கிய பிறகு தெருமுனை. எத்தனை வாரம் என்பதை நாய் முடிவு செய்யட்டும்.

போன தீபாவளியன்று வெடிச் சத்தத்தில் ஓடிய எங்கள் நாய் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. கூப்பிட்டால் வரப் பழக்கினால் இந்த ஆண்டு பயமில்லையா?
– வாசகர், வேலூர்

பயம் உண்டு. வெடிக்கு மிரண்டு ஓடும் நாய் எந்தப் பயிற்சியையும் மறந்துவிடும். இருட்டுவதற்கு முன் நடத்திக்கொண்டு வந்து உள்ளறையில் விடுங்கள்; மின்விசிறியும் வானொலியும் ஓடட்டும். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் எழுதியிருக்க வேண்டும், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் தளர்ந்திருக்கக் கூடாது. அதையும் மீறி ஓடினால், ஊரைக் கூட்டிக்கொண்டு பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். வாசற்கதவைத் திறந்து வைத்து, நீங்கள் உடுத்திய துணி ஒன்றை அங்கே போடுங்கள். விடியற்காலையில் சத்தம் அடங்கியதும் பழகிய ஒருவர் மட்டும் தேடிப் போகட்டும். கண்ணில் பட்டதும் ஓடாமல், நேராகப் பார்க்காமல், தரையில் உட்கார்ந்து தீனியைப் பக்கத்தில் வைத்துக் காத்திருக்கட்டும்.