சின்சில்லாவுக்கு ஓடுசில்லு: பெட்டியில் உள்ள படத்தை நம்பி வாங்கலாமா?

கேள்வி: மகளின் ஆசைக்காக இரண்டு பெண் சின்சில்லாக்கள் (அடர்ந்த மயிருள்ள, கொறிக்கும் சிறு பிராணிகள்) வளர்க்கிறோம். மிளகு, சீரகம் என்று பெயர். இரண்டுக்கும் ஒன்றரை வயது. ஓடி விளையாடட்டும் என்று செல்லப்பிராணிக் கடையில் 12 அங்குலப் பிளாஸ்ரிக் சில்லு (உள்ளே ஏறி ஓடினால் சுழலும் சக்கரம்) ஒன்று வாங்கிக் கூட்டுக்குள் வைத்தோம். பெட்டியில் சின்சில்லாவின் படமே போட்டிருந்தது. இரண்டு கிழமைக்குள் விளிம்பைக் கடித்துக் குதறிவிட்டார்கள். ஓடும்போது மிளகின் முதுகு நடுவில் பள்ளமாகி, தலை பின்னுக்கு மடங்குகிறது. இது சரியா? வேறு சில்லு வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது? இரண்டு பேருக்கும் தனித்தனியாக வேண்டுமா? இதற்கிடையில் என் தம்பி, உள்ளே விட்டு உருட்டும் பிளாஸ்ரிக் பந்து ஒன்றும் வாங்கி வந்திருக்கிறான். அதைக் கொடுக்கலாமா?
– வாசகி, ஸ்காபரோ, கனடா

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தச் சில்லைக் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். மிச்சத்தை அப்புறம் வாசிக்கலாம். பந்தையும் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள், கடையில் திருப்பிக் கொடுக்க உதவும்.

நீங்கள் எழுதியதில் மிக முக்கியமானது அந்த முதுகு வளைவுதான். அதைக் கவனித்ததற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். பலருக்கு, பிராணி ஓடுகிறது என்றால் அது சந்தோசமாக இருக்கிறது என்பதோடு விஷயம் முடிந்துவிடும். வளர்ந்த சின்சில்லா ஒன்று மூக்கிலிருந்து வாலின் அடிவரை ஏறக்குறைய ஓர் அடி நீளம். உங்கள் சில்லின் குறுக்களவும் ஓர் அடி. தன் நீளமே உள்ள வட்டத்துக்குள் ஓடும்போது முன்னங்கால் ஒரு சரிவிலும் பின்னங்கால் எதிர்ச் சரிவிலும் விழும். நடுமுதுகு தாழ்ந்துபோகும், கழுத்து பின்னுக்கு மடங்கும். அரை மணி நேரம் ஓடினால் ஒன்றும் தெரியாது. இவர்களோ அந்தி மயங்கியதும் தொடங்கி விடியும்வரை விட்டுவிட்டு ஓடக்கூடியவர்கள். ஆயுளும் பத்து வருடத்துக்கு மேல், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபதுவரை போகும். அத்தனை காலம் அந்த முதுகு அப்படியே வளைந்து ஓடுவதை நினைத்துப் பாருங்கள்.

அதனால் சில்லின் குறுக்களவு குறைந்தது 15 அங்குலம், அதாவது 38 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். 16 கிடைத்தால் இன்னும் நல்லது. ஓடும் பாதையின் அகலம் ஐந்து அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பெட்டியில் என்ன படம் போட்டிருந்தாலும் சரி, ‘பெரியது’ என்று என்ன எழுத்தில் எழுதியிருந்தாலும் சரி, அளவுநாடாவை மட்டும் நம்புங்கள். ஒரே பெட்டியில் ஹாம்ஸ்ரர், கினிப் பன்றி, சின்சில்லா என்று மூன்று படம் போட்டிருப்பார்கள். முப்பது நாற்பது கிராம் குள்ள ஹாம்ஸ்ரருக்கும் அரைக் கிலோ சின்சில்லாவுக்கும் ஒரே சில்லு எப்படிப் பொருந்தும் என்று கடைக்காரரிடம் கேட்டால் அவருக்கும் தெரியாது. கினிப் பன்றிக்கோ சில்லே ஆகாது.

வாங்கிப் பூட்டிய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். மிளகு ஓடும்போது பக்கவாட்டில் குந்தியிருந்து பாருங்கள். காதிலிருந்து வாலடிவரை முதுகு ஏறக்குறைய நேராகப் போக வேண்டும். அல்லது அவளுடைய இயல்பான மேல்நோக்கிய கூன் தெரிய வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்தால் சில்லு போதாது, அவ்வளவுதான். சில பெண் சின்சில்லாக்கள் 700, 800 கிராம்வரை வளர்ந்துவிடும். அவர்களுக்கு 15 அங்குலமே மட்டுமட்டாக இருக்கும்.

அடுத்தது ஓடும் பாதை. அது இடைவெளி இல்லாத தகடாக இருக்க வேண்டும். ஏணிப்படி போலக் கம்பி வைத்ததும் வேண்டாம், வலை போட்டதும் வேண்டாம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதம், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சின்சில்லாவின் கீழ்க்கால் எலும்பு தொடை எலும்பைவிட நீளம், ஆனால் மெல்லியது. அதற்குத் துணையாக இருக்க வேண்டிய பக்க எலும்பு பெயரளவுக்குத்தான் இருக்கிறது. சுற்றிலும் சதையும் குறைவு. கம்பி இடைவெளியில் பாதம் நுழைந்த நேரத்தில் சில்லு சுழன்றுகொண்டே இருந்தால் அந்த எலும்பு முறிந்துவிடும். சில வேளை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இவ்வளவு சின்ன எலும்பைப் பொருத்துவது மிருக வைத்தியருக்குச் சுலபமான வேலை அல்ல. காலையே எடுக்க வேண்டி வருவதும் உண்டு. மூன்று காலோடு சின்சில்லா நன்றாகவே வாழும், அது வேறு கதை. ஆனால் ஒரு விளையாட்டுச் சாமானுக்காக அந்த நிலைக்கு ஏன் போக வேண்டும்?

பாதைக்குச் சொன்னது அச்சுக்கும் பொருந்தும். சில்லின் நடுவால் குறுக்கே தண்டு ஓடக் கூடாது. முன்பக்கம், அதாவது ஏறி இறங்கும் பக்கம், முழுவதும் திறந்திருக்க வேண்டும். பின்பக்கம் மூடிய தகடாக இருக்க வேண்டும். ஏறும் பக்கத்தில் ஆரக்கம்பிகள் சுழன்று, அவற்றை ஒட்டியே நிலையான தாங்குகால் நின்றால் அது கத்தரிக்கோல்தான். ஒருத்தி ஓடும்போது மற்றவள் தலையை நீட்டி எட்டிப் பார்ப்பாள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இது தினமும் நடக்கும்.

பிளாஸ்ரிக் ஏன் வேண்டாம் என்று நான் சொல்லத் தேவையில்லை, இரண்டு கிழமையில் அவர்களே காட்டிவிட்டார்கள். பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணி, கடிக்கத்தான் செய்யும். குதறியதைத் துப்பிவிட்டால் பிரச்சினை இல்லை. விழுங்கினால் குடலில் அடைக்கலாம், சின்சில்லாவால் வாந்தி எடுக்கவும் முடியாது. அந்தப் பழைய சில்லில் எவ்வளவு துண்டு காணாமல் போயிருக்கிறது என்று ஒருமுறை வடிவாகப் பாருங்கள். அடுத்த சில நாட்களுக்கு இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, புழுக்கை வழமைபோல விழுகிறதா என்றும் கவனியுங்கள். புழுக்கை சின்னதாகிப் போனாலோ, ஒருத்தி அரை நாள் உலர்புல்லைத் தொடாமல் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியரிடம் போங்கள். ரொறொன்ரோப் பக்கம் நாய், பூனை பார்க்கும் எல்லா வைத்தியர்களும் சின்சில்லா பார்ப்பதில்லை. யார் பார்ப்பார்கள் என்று இப்போதே தொலைபேசியில் விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அலுமினியத்தில் செய்த சில்லுதான் என் முதல் தெரிவு. வட அமெரிக்காவில் சின்சில்லா வளர்ப்பவர்கள் அதிகம் பேசும் ‘சின் ஸ்பின்’ 15 அங்குல உலோகச் சில்லு. கூட்டின் கம்பியில் திருகாணியால் இறுக்கி மாட்டுவது. வேறு நிறுவனங்களும் இதே மாதிரிச் செய்கின்றன. பெயரைவிட நான் சொன்ன அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பையும் வர்ணம் உரியும் தகரத்தையும் தவிர்த்துவிடுங்கள், அவர்கள் அதையும் சுரண்டிப் பார்ப்பார்கள். மரச் சில்லு பாதத்துக்கு இதமானது, கடித்தாலும் பாதகமில்லை. ஆனால் ஓடிக்கொண்டே சிறுநீர் கழிக்கும் பழக்கம் இவர்களுக்கு உண்டு. மரம் அதை உறிஞ்சி, கொஞ்ச நாளில் கூட்டுப் பக்கமே போக முடியாமல் மணக்கும். உலோகத்தைத் துணியால் துடைத்தால் முடிந்தது.

சாய்வான தட்டுப் போல இருக்கும் ‘பறக்கும் தட்டு’ வகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கடைக்குப் போனால் எப்படியும் கண்ணில் படும். ஆரக்கம்பி இல்லை, கால் மாட்டுவதற்கு இடைவெளி இல்லை. அந்த வகையில் நல்லது. ஆனால் சின்னத் தட்டில் ஓடினால் உடம்பு ஒரு பக்கமாகவே வளைந்து நிற்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஏறினால் ஒருத்தி தூக்கி எறியப்படுவாள். எடுப்பதென்றால் உலோகத்தில், 15 அங்குலத்துக்கும் பெரிதாக எடுங்கள். கூடு ஆழமாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

வாங்குமுன் கூட்டின் கதவை அளந்துவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் என்னைத் திட்டுவீர்கள். 15 அங்குலச் சில்லை வாங்கி வந்து, 12 அங்குலக் கதவின் முன்னால் யோசித்துக்கொண்டு நின்றவர்கள் நிறையப் பேர். பூட்டும்போது சில்லின் விளிம்புக்கும் பக்கத்துத் தட்டுக்கும் இடையில் கையை விட்டுப் பாருங்கள். சில்லுக்கும் தரைக்கும் இடையிலும் அப்படித்தான். பாதம் மட்டும் நுழையக்கூடிய, உடம்பு நுழைய முடியாத சந்துதான் ஆபத்தானது. மேல்தட்டில் உயரமாகவும் மாட்ட வேண்டாம். வேகமாக ஓடும் சில்லிலிருந்து குதிப்பது இவர்களுக்கு விளையாட்டு, குதித்தால் கீழே அரை அடிக்குமேல் விழக் கூடாது.

இரண்டு பேருக்கும் தனித்தனியாக வேண்டுமா என்றால், ஒன்றோடு தொடங்குங்கள். ஒருத்தி ஓட மற்றவள் தன் முறைக்குக் காத்திருந்தால் பிரச்சினை இல்லை. தள்ளுமுள்ளு நடந்து, கூட்டுக்குள் கற்றை கற்றையாக மயிர் கிடந்தால் இரண்டாவது வாங்க வேண்டும். பயந்தாலோ சண்டை பிடித்தாலோ சின்சில்லா கொத்தாக மயிரை உதிர்த்துவிட்டுத் தப்பும், அதுதான் உங்களுக்கு அடையாளம். இரண்டு பேரும் சேர்ந்தே ஏறி ஓடுவதும் உண்டு. பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஒருத்தி திடீரென்று நின்றால் மற்றவள் அவள்மேல் உருண்டு விழுவாள்.

இப்போது பந்து. கூடவே கூடாது. இந்தப் பிராணி தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலையில் இருந்து வந்தது. இன்று வீடுகளில் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை, மத்தியாஸ் சப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியியலாளர் 1923ல் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோன பத்துப் பன்னிரண்டு சின்சில்லாக்களின் வழிவந்தவை. மலைக் குளிருக்காக ஒரே மயிர்க்காலில் ஐம்பதுக்கு மேற்பட்ட மயிர் முளைக்கும் உடம்பு. அதற்கு வியர்க்கத் தெரியாது. சூட்டை வெளியே விட முக்கியமாக இருப்பது அந்தப் பெரிய காதுகள்தான். அதைக் காற்றோட்டமில்லாத பந்துக்குள் அடைத்து ஓட விட்டால் சில நிமிடங்களிலேயே உடல் கொதித்துவிடும். போதாக்குறைக்கு, காற்றுக்காக விட்ட துவாரங்களில் விரல் மாட்டும். தம்பியிடம் சிரித்தபடியே சொல்லுங்கள், அவர் ஆசையாகத்தான் வாங்கியிருப்பார்.

இந்தச் சூட்டுக் கணக்கு சில்லுக்கும் உண்டு. அறை வெப்பநிலை 25 பாகை செல்சியஸைத் தாண்டுவது சின்சில்லாவுக்கு ஆபத்து. உங்கள் ஊரில் ஜூலை, ஓகஸ்ற்றில் புழுக்கத்தோடு 30ஐத் தாண்டும். அந்த நாட்களில் குளிரூட்டி நின்றுபோனால், முதலில் சில்லை நிறுத்தி அவர்களை நிலக்கீழ் அறைக்குக் கொண்டுபோங்கள். காது இரத்தச் சிவப்பாகத் தெரிந்து, படுத்துக்கொண்டு மூச்சு வாங்கினால் அது வெப்பத் தாக்கம்.

சில சின்சில்லாக்களுக்குச் சில்லில் ஒரு வெறியே வந்துவிடும். சாப்பாட்டை மறந்து ஓடும். சமையலறைத் தராசில் கிழமைக்கு ஒருமுறை நிறுத்து, மகளிடம் சொல்லி ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். நிறை தொடர்ந்து குறைந்தால் சில்லை இரவில் சில மணி நேரம் மட்டும் விடுங்கள், மற்ற நேரத்தில் ஒரு கொக்கியால் நிறுத்தி வையுங்கள். குட்டிகளுக்கும் சினைப்பட்டவற்றுக்கும் சில்லு வேண்டாம் என்பது வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்வது. இப்போது உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

உண்மையைச் சொன்னால், சில்லு இல்லாமலே சின்சில்லா சந்தோசமாக வாழும். பாறை விட்டுப் பாறை தாவிப் பழகிய பிராணி அது, சமதரையில் நெடுந்தூரம் ஓடும் பிராணி அல்ல. நல்ல சில்லு வாங்க இப்போது காசு இடம் கொடுக்கவில்லை என்றால், மலிவானதை வாங்கிச் சமாளிக்காதீர்கள். அந்தக் காசுக்கு மருந்தடிக்காத, வர்ணம் பூசாத பைன் பலகை வாங்குங்கள். கூட்டுக்குள் ஏற்ற இறக்கமாக நான்கைந்து தட்டு அடித்துக் கொடுங்கள். ஒரு தட்டிலிருந்து தவறினால் அடுத்த தட்டில் விழும்படி அடுக்குங்கள். இரவில் ஒரு மணி நேரம், மின்கம்பிகளை மறைத்த ஒரு அறையில், மகள் கூட இருக்க வெளியே விடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஆனால் சீக்கிரமே கேட்கப்போகும் ஒன்று: இரவு இரண்டு மணிக்குச் சில்லு கிறீச்சிடும். அநேகமாக மயிர் போய்ப் பெயாரிங்கில் சுற்றியிருக்கும். கழற்றி, ஒரு சாமணத்தால் இழுத்து எடுத்துவிட்டால் சத்தம் நிற்கும். எண்ணெய் விடாதீர்கள், அது மயிரில் ஒட்டினால், மயிரைச் சுத்தமாக்க அவர்கள் புரளும் மணல் குளியல் எத்தனை போட்டாலும் போகாது. மயிரை எடுத்தும் தடதடவென்று அதிர்ந்தால் திருகாணி தளர்ந்திருக்கும், மாதம் ஒருமுறை இறுக்குங்கள். அந்தப் பழைய பிளாஸ்ரிக் சில்லை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம், குதறிய விளிம்போடு அது எந்தப் பிராணிக்கும் உதவாது.