ஒரே ஸ்லைடு, இரண்டு பெயர்கள்

அன்புள்ள டாக்டர்,

என் அண்ணன் மகளுக்கு 24 வயது. மூன்று வாரமாகக் காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டி. டி.பி.யாக இருக்கும் என்றார்கள். கட்டியை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினோம். ‘லிம்ஃபோமாவாக இருக்கக்கூடும், மேல்பரிசோதனை தேவை’ என்று ரிப்போர்ட் வந்தது. நிணநீர் செல்களில் வரும் புற்றுநோயாம். வீடே இடிந்துபோனது. அண்ணி இரண்டு நாள் சாப்பிடவே இல்லை. அதே ஸ்லைடையும், சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பன்னிரண்டு நாள் கழித்து ‘கிகுச்சி நோய்’ என்றார்கள். புற்றுநோய் இல்லையாம், தானாகவே சரியாகிவிடுமாம். நிம்மதியாக இருப்பதா, சந்தேகப்படுவதா என்று தெரியவில்லை. ஒரே சதையைப் பார்த்து இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் யாரை நம்புவது? முதல் லேப் மேல் புகார் கொடுக்க வேண்டும் என்கிறான் என் தம்பி. இரண்டு ரிப்போர்ட்டுகளையும், முதல் லேபுக்கு மருத்துவமனையில் எழுதிக்கொடுத்த சீட்டையும் இணைத்திருக்கிறேன்.

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

இணைத்திருந்ததை எல்லாம் இரண்டு முறை படித்தேன். ஸ்லைடை நான் பார்க்கவில்லை. ஆனால் இரண்டாவது ரிப்போர்ட் எழுதியவர் தான் பார்த்ததை வரிசையாகச் சொல்லியிருக்கிறார், அது நம்பும்படி இருக்கிறது. அண்ணியிடம் சொல்லுங்கள்.

புகார் வேண்டாம். முதல் ரிப்போர்ட்டை இன்னொரு முறை படியுங்கள். ‘இருக்கக்கூடும், மேல்பரிசோதனை தேவை’ என்றுதான் அவர் எழுதியிருக்கிறார். தனக்குத் தெரிந்த அளவோடு நிறுத்திக்கொண்ட கை அது. ‘லிம்ஃபோமா’ என்று முடித்திருந்தால் இந்நேரம் கீமோதெரபி தொடங்கியிருக்கும். ‘டி.பி.’ என்று முடித்திருந்தால் ஆறு மாதம் மாத்திரை. நடுவில் காய்ச்சல் தானாக நின்றிருக்கும், மாத்திரைதான் காப்பாற்றியது என்று நீங்களும் நம்பியிருப்பீர்கள். நம் ஊரில் அப்படி எத்தனை கிகுச்சி டி.பி.யாகவே முடிந்துபோயிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். கழுத்தில் நெறிகட்டி என்றதும் நம் மனம் அங்கே போவது இயல்பு.

இந்த நோயை 1972ல் ஜப்பானில் கிகுச்சி ஒரு பக்கமும் ஃபுஜிமோட்டோ குழுவினர் இன்னொரு பக்கமும் தனித்தனியாக எழுதினார்கள். பெரும்பாலும் இளம் வயதினருக்கு, அதிலும் பெண்களுக்கு, ஆசியாவில் சற்றுக் கூடுதலாக வருகிறது. காரணம் இன்னும் பிடிபடவில்லை. வழக்கமாக ஒன்று முதல் நான்கு மாதத்தில் அடங்கிவிடும்.

மைக்ராஸ்கோப்பில் அது எப்படி ஏமாற்றும் என்று சொல்கிறேன். நெறிக்கட்டியின் உள்ளே திட்டுத்திட்டாகச் செல்கள் செத்துக் கிடக்கும். செத்த செல்களின் உட்கரு பொடிப்பொடியாக உடைந்து, மிளகுத்தூளைச் சிந்தியதுபோல் இறைந்திருக்கும். சதை இப்படிச் சாகும் பல இடங்களில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் ஓடி வந்து மொய்ப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். இங்கே அவை ஏறக்குறைய இருக்காது. அந்த இல்லாமையைக் கவனிப்பதுதான் கடினம். இருப்பதை யாரும் பார்த்துவிடலாம். பொடியைச் சுற்றிப் பிறை வடிவ உட்கருவோடு ஹிஸ்டியோசைட்டுகள் என்ற துப்புரவு செல்கள் நின்று அதை விழுங்கிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவில் பெரிய பெரிய லிம்ஃபோசைட்டுகள், வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும். லிம்ஃபோமா உருவாவதும் இந்த வெள்ளையணுக்களில்தான். கண் அவற்றின் மேல் விழுந்துவிட்டால் லிம்ஃபோமா என்றே தோன்றும். அனுபவசாலிகளுக்கும் தோன்றியிருக்கிறது.

வழக்கமான நீலம், இளஞ்சிவப்புச் சாயத்தோடு இதைத் தீர்ப்பது சிரமம். அதனால்தான் பன்னிரண்டு நாள் ஆனது. பிளாக்கிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் புதிதாகச் சீவி, ஐ.எச்.சி. செய்திருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கும் செல் மட்டும் பழுப்பாக மாறும் சோதனை அது. ரிப்போர்ட்டில் ‘மைலோபெராக்ஸிடேஸ் பாசிட்டிவ்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அது முக்கியம். அந்த ஹிஸ்டியோசைட்டுகளில் வழக்கமான சி.டி.68 என்ற புரதத்தோடு மைலோபெராக்ஸிடேஸ் என்ற புரதமும் இருப்பது கிகுச்சிக்குப் பெரிய சாட்சி.

இப்போது அந்தச் சீட்டு. முதல் லேபுக்குப் போனதில் ‘கழுத்து நெறிகட்டி, டி.பி.?’ என்று மட்டும் இருக்கிறது. வயது இல்லை, மூன்று வாரக் காய்ச்சல் இல்லை, ரத்தத்தில் வெள்ளையணு குறைந்திருந்ததும் இல்லை. இரண்டாவது இடத்துக்கு நீங்கள் எல்லாத் தாள்களையும் கொண்டுபோயிருக்கிறீர்கள். இரண்டு பேரும் ஒரே ஸ்லைடைப் பார்த்தார்கள், ஆனால் ஒரே நோயாளியைப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வரும் ஒரே இடம் இதுதான். சதையை வெட்டி எடுக்க முக்கால் மணி நேரம் செலவழிப்பவர்கள் சீட்டில் நாலு வரி எழுத இரண்டு நிமிடம் தருவதில்லை.

நானும் தவறான பெயர் எழுதியிருக்கிறேன். 1990களின் நடுவில் ஒருவருடைய இரைப்பைக் கட்டி என்னிடம் வந்தது. கதிர்போல் நீண்ட செல்கள். தசையிலிருந்து வந்த புற்று, லியோமயோசார்கோமா என்று எழுதினேன். அன்று பெரும்பாலோர் அப்படித்தான் எழுதினோம். 1998ல் ஹிரோட்டாவும் சகாக்களும் இந்தக் கட்டிகள் பலவற்றில் ‘கிட்’ என்ற மரபணு பழுதாகியிருப்பதைக் காட்டினார்கள். ஜிஸ்ட் என்ற தனி இனம் துலங்கியது. அதற்கு இமாட்டினிப் என்ற மாத்திரை வேலை செய்வது தெரிந்து, 2002ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. 2004ல் அந்த மனிதர் கல்லீரலில் கட்டியோடு திரும்பி வந்தார். பழைய பிளாக் பத்திரமாக இருந்தது. ‘கிட்’ மரபணு உண்டாக்கும் புரதத்தைக் காட்டும் சி.டி.117 சாயம் போட்டேன், ஸ்லைடு முழுவதும் பழுப்பு. நான் எழுதிய பெயரை நானே அடித்துவிட்டு ஜிஸ்ட் என்று எழுதினேன். மாத்திரை தொடங்கினார்கள். அதற்குப் பிறகு பல வருடம் அவர் தீபாவளிக்குத் தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மூன்றாவது கருத்து தேவைப்படாது. ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் என்ற நோயின் நெறிக்கட்டியும் மைக்ராஸ்கோப்பில் ஏறக்குறைய இதேபோல் இருக்கும். கிகுச்சி வந்தவர்களில் சிலருக்குப் பின்னாளில் லூபஸ் வருவதும் உண்டு. ஆகவே ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டு வலியோ முகத்தில் தடிப்போ வந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். கட்டி சிலருக்குத் திரும்ப வரும், அப்போது பதற வேண்டாம். நாலு மாதம் தாண்டியும் அடங்காவிட்டால் மட்டும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

பிளாக்கைத் திரும்ப வாங்கி வைத்திருந்தால் ஒரு வார்த்தை. அது மெழுகு, 60 டிகிரிக்குள் உருகிவிடும். வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிடாதீர்கள். பீரோவில், இரண்டு ரிப்போர்ட்டுகளோடும் ஒரே கவரில் வையுங்கள்.