சோர்ந்து படுக்கும் வாத்துக்குஞ்சு: கேள்வி பதில்

இன்றைக்கு நான்கு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகள் மட்டும். பெரிய வாத்து, முட்டை, விலை நிலவரம் எல்லாம் வேறொரு நாள். கேட்கும்போது குஞ்சின் வயது, போடும் தீவனம், எரியும் பல்பு மூன்றையும் எழுதுங்க. ஒரு வரிசையை இப்போதே மனசில் ஏற்றிக்கோங்க: முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் தீவனம்.

பண்ருட்டி: அக்கா, தெருவில் வந்தவரிடம் ஆறு குஞ்சு வாங்கினேன். ரெண்டு நாள் குஞ்சுன்னார். ஒண்ணு மட்டும் கண்ணை மூடி ஓரமா கிடக்கு. காலைத் தொட்டா ஜில்லுனு இருக்கு. என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?

இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். உடம்பு குளிர்ந்த குஞ்சுக்குக் குடல் ஓடாது. உள்ளே போனது அப்படியே தங்கிப் புளிக்கும். விழுங்கத் தெம்பு இல்லாததால் பாதி மூச்சுக்குழாயில் இறங்கும். பொரித்த முதல் இரண்டு நாள் வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவே அதுக்குச் சாப்பாடு. அதனால் பசியைப் பற்றிப் பதறாதீங்க, குளிரைப் பற்றிப் பதறுங்க.

அட்டைப்பெட்டி எடுத்து அடியில் கோணிச்சாக்கு விரிங்க. ஒரு மூலையில் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்க. எல்.இ.டி. வெளிச்சம்தான் தரும், சூடு தராது. கடையில் "குண்டு பல்பு" என்றே கேட்டு வாங்குங்க. பல்பு துணியிலோ அட்டையிலோ படக்கூடாது. குஞ்சின் முதுகு உயரத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் காட்டணும். தெம்பாக இருக்கும் குஞ்சுக்கு முதல் வாரம் 30 முதல் 32 போதும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். பெட்டியின் எதிர் மூலை பல்பு படாமல் இருக்கட்டும், சூடு தாங்காவிட்டால் குஞ்சு அங்கே நகர்ந்துக்கும். வாயைத் திறந்து இரைத்தால் சூடு கூடுதல், பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக் கத்தினால் குறைவு. சித்திரை வெயிலில் பகலில் பல்பே தேவைப்படாது, விடியற்காலை மூன்று மணிக்குத்தான் தேவைப்படும். கரண்ட் போனால் வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைங்க. ஹேர் டிரையர் வேண்டாம்.

கால் வெதுவெதுப்பாகி, தலையைத் தூக்கியதும் தண்ணீர். 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை. விரல் நுனியிலோ ஊசி கழற்றிய சிரிஞ்சிலோ ஒரு சொட்டு எடுத்து அலகின் பக்கவாட்டு ஓரத்தில் தொடுங்க. அதுவே நாக்கை அசைத்து உள்ளே இழுக்கும். விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த சொட்டு. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை நாலைந்து சொட்டு போதும். வாயைத் திறந்து ஊற்றாதீங்க. சர்க்கரைத் தண்ணீர் முதல் சில மணி நேரத்துக்கு மட்டும்தான், நாள் கணக்கில் கொடுத்தால் கழிச்சல் பிடிக்கும். ஓ.ஆர்.எஸ். என்றால் பாக்கெட்டில் போட்டபடி ஒரு லிட்டருக்கு ஒன்று. "சின்னக் குஞ்சுதானே" என்று அரை டம்ளரில் ஒரு பாக்கெட்டைக் கரைத்தால் உப்பே கொன்றுவிடும்.

தானாகக் குடிக்க ஆரம்பித்தால் தீவனம். மருந்து கலக்காத ஸ்டார்ட்டர் தீவனத்தை (குஞ்சுகளுக்கென்றே விற்பது) கஞ்சிப் பதத்தில் கரைத்து, அவித்த மஞ்சள் கரு பட்டாணி அளவு மசித்துச் சேருங்க. இரண்டு மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிடுங்க, நம்ம ஊர் சூட்டில் புளிச்சுடும். மற்ற ஐந்தும் மிதிக்காமல் நடுவில் கம்பி வலை வைத்துப் பிரிங்க, ஆனால் கண்ணுக்குத் தெரியட்டும். தனியாக விட்டால் கத்தியே தெம்பைத் தொலைக்கும். தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை போடுங்க. நாட்டுக் குஞ்சு பொரித்த அன்று ஏறக்குறைய 40 கிராம் இருக்கும். ஐந்தாம் நாளும் அதே எடையில் நின்றால் உள்ளே ஏதோ கோளாறு.

விருத்தாசலம்: இங்க் ஃபில்லரில் பால் எடுத்து வாயில் விட்டேன். இப்போ கர்கர்னு சத்தம் வருது, வாயைத் திறந்து மூச்சு விடுது.

பால் நுரையீரலுக்குப் போயிருக்கு. மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் வேர்ப்பக்கத்திலேயே திறந்திருக்கும், அதனால்தான் வாய்க்குள் விடாதீங்க என்று சொல்வது. இனி எதுவும் ஊட்டாதீங்க. சூடான இடத்தில் நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைத்து, கால்நடை மருத்துவரிடம் இன்றைக்கே காட்டுங்க. பிழைத்தாலும் பால் வேண்டாம், பறவைக்கு அதைச் செரிக்கும் நொதி கிடையாது.

ஆரணி: பன்னிரண்டு நாள் குஞ்சு, காக்கி கேம்பல் இன வாத்து. நல்லா சாப்பிடுது, ஆனா நாலு அடி வச்சா உட்கார்ந்துடுது. முட்டி வீங்கின மாதிரி இருக்கு. கோழிக்குஞ்சு தீவனம், 60 வாட் பல்பு. கால்சியம் டானிக் கொடுக்கிறேன், பலன் இல்லை.

பசி குறையாமல் கால் மட்டும் தளர்ந்து, கணுக்கால் மூட்டு தடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நியாசின், அதாவது பி3. கால்சியத்துக்கு இங்கே வேலை இல்லை. வாத்துக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 55 மில்லிகிராம் நியாசின் தேவை, கறிக்கோழிக் குஞ்சுக்கு 35 போதும். கோழி, புரதத்திலுள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து கொஞ்சம் நியாசினைத் தானே தயாரித்துக்கும். வாத்து அதில் சோடை. மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசினும் பிணைந்த நிலையில் இருப்பதால் உடம்பில் சேராது. அதனால்தான் கோழிக்கு ஒத்துக்கொள்ளும் அதே மூட்டையில் வாத்து கால் வளைந்து நிற்குது.

புரூவர்ஸ் ஈஸ்ட் பவுடர் (பீர் தயாரிப்பில் வரும் உயிரில்லாத ஈஸ்ட்) ஒரு கப் தீவனத்துக்கு ஒரு மேசைக்கரண்டி. தீவனத்தைத் தண்ணீரில் நனைத்துப் பிசறினால்தான் பவுடர் ஒட்டும், இல்லாவிட்டால் தட்டின் அடியில் தங்கிடும். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் உயிருள்ளது, வயிற்றில் பொங்கும், அது வேண்டாம். ஈஸ்ட் கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் நியாசினமைடு (நியாசினின் இன்னொரு வடிவம்) கிடைக்கும். வராமல் தடுக்க 4 லிட்டர் குடிதண்ணீருக்கு 100 முதல் 150 மில்லிகிராம், தினமும் புதிதாகக் கலக்கணும். உங்க குஞ்சுக்கு ஏற்கெனவே வந்துவிட்டதால் இதைவிடக் கூடுதல் வேண்டியிருக்கலாம், எடையைச் சொல்லி மருத்துவரிடம் அளவு கேளுங்க. வாங்கும் டானிக்கின் லேபிளைப் படிங்க. கோழிக்கு விற்கும் பல சொட்டு மருந்துகளில் ஏ, டி3, ஈ, பி12 மட்டும்தான் இருக்கும், நியாசின் இருக்காது. சீக்கிரம் ஆரம்பித்தால் சில நாளிலேயே நடை தெளியும். மூட்டின் பின்னாலுள்ள தசைநாண் விலகிவிட்டால் எவ்வளவு கொடுத்தாலும் நிமிராது.

விரல்கள் உள்பக்கம் சுருண்டிருந்தால் அது பி2 குறைவு. கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து போனால் சத்துக்குறைவைத் தேடாதீங்க, அடியில் என்ன விரித்திருக்கீங்கன்னு பாருங்க.

திண்டிவனம்: அதேதான் மேடம், கால் விரிஞ்சு கிடக்கு. மூணு நாள் குஞ்சு. நியூஸ்பேப்பர்தான் விரிச்சிருக்கேன்.

பேப்பரை எடுத்து எறிங்க. இரண்டு கால்களும் உடம்புக்கு நேர்கீழே வரும்படி, நடுவில் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மெடிக்கல் டேப்பால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்க. டேப்பின் ஒட்டும் பக்கங்கள் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கட்டும். தினமும் அவிழ்த்துக் கால் வீங்குதான்னு பாருங்க. மூன்று நாலு நாளில் பிடிமானம் வரும். கட்டோடு தண்ணீர்த் தட்டுப் பக்கம் தனியாக விடாதீங்க, கவிழ்ந்தால் எழ முடியாது.

சிதம்பரம்: குஞ்சு ஒண்ணு சோர்வா இருக்கு, என்ன மருந்து கொடுக்கணும்?

பண்ருட்டிக்கு எழுதியதை மேலிருந்து படிங்க. மருந்து இல்லை, சூடு.

மன்னார்குடி: கோழி அடைகாத்துப் பொரிச்ச வாத்துக்குஞ்சு, அஞ்சு நாள். தொட்டியில் விட்டா நல்லா நீந்துது, ஆனா வெளியே வந்ததும் நடுங்குது. வாத்துக்குத் தண்ணி ஆகாதா?

தாய்வாத்தின் இறகிலுள்ள எண்ணெய் குஞ்சின் பஞ்சுபோன்ற மென்முடியில் ஒட்டும், குளிர்ந்தால் குஞ்சு அவள் வயிற்றுக்கடியில் புகுந்துக்கும். கோழித்தாயிடம் அந்த எண்ணெய் கிடைக்காது. குஞ்சின் சொந்த எண்ணெய்ச் சுரப்பி இறகு முளைக்கும்போதுதான் ஒழுங்காக உதவும். அதுவரை பஞ்சு நனைந்து தோல் வரைக்கும் ஈரம் போகும். தெம்பான குஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம், கண் பார்வையில் விடலாம். எடுத்ததும் துடைத்துப் பல்புக்கடியில். சோர்ந்த குஞ்சுக்குக் குளியலே கூடாது.

குடிதண்ணீர் விஷயம் நேர்மாறு. மூக்குத்துளை முங்கும் ஆழம் வேணும், ஆனால் உடம்பு உள்ளே போகக்கூடாது. கிண்ணத்தில் பெரிய கூழாங்கற்களைப் போட்டு, இடையில் அலகு மட்டும் நுழையும்படி விடுங்க.

நாகப்பட்டினம்: கண்ணில் நுரை, பீளை ஒட்டிக்குது.

கிண்ணம் ஆழமில்லை, முகம் கழுவ முடியலை. மன்னார்குடிக்குச் சொன்ன ஆழம். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைங்க. இரண்டு நாளில் தெளியாவிட்டால், அல்லது கண்ணடி வீங்கினால், மருத்துவர்.

திருக்கோவிலூர்: பத்து குஞ்சில் ரெண்டு செத்துப்போச்சு. ஒண்ணு தலையைப் பின்னாடி வளைச்சுக்கிட்டு உதறுது. மூணு வாரம். கடலைப் புண்ணாக்கு ஊறவச்சு தவிட்டில் பிசைஞ்சு போடுறோம். பல்பு இல்லை.

புண்ணாக்கை இந்த நிமிஷம் நிறுத்துங்க. தலை பின்னால் வளைவதற்குப் பல காரணம் உண்டு. வாத்துக் கல்லீரல் அழற்சி வைரஸ் என்றால் வளைந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிஞ்சுடும், சில நாளில் கூட்டமே காலியாகும். உங்க தீவனத்தைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் அஃப்ளாடாக்சின், அதாவது கடலையில் வளரும் பூஞ்சையின் நஞ்சு. செத்த குஞ்சை ஐஸ் வைத்து (உறைய விடாமல்) ஒரு பிடி புண்ணாக்கோடு மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு எடுத்துட்டுப் போங்க. அறுத்துப் பார்த்தால் கல்லீரல் சொல்லிடும்.

செஞ்சி: அக்கா, எங்க தாத்தா காலத்திலிருந்து வாத்துக்குப் புண்ணாக்குதான். ஒண்ணும் ஆகலை. கம்பெனித் தீவனம் விக்கிறவங்க கிளப்பிவிட்ட கதை இது.

தம்பி, தாத்தா ஓட்டிப்போனது அறுத்த வயலில் மேய்ந்த பெரிய வாத்து. நத்தையும் சிந்திய நெல்லும் தின்றது, புண்ணாக்கு தொட்டுக்க மட்டும். நாம பேசுறது பெட்டிக்குள் இருக்கும் குஞ்சு. கம்பெனிக் கதை என்றால் 1960-க்குப் போகலாம். இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன, வாத்துக்குஞ்சுகளும் சேர்ந்து. தேடிப் பார்த்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. இந்த நஞ்சைக் கண்டுபிடித்ததே அந்தச் சாவிலிருந்துதான். பிறகு ஒரு மூட்டையில் நஞ்சு இருக்கான்னு சோதிக்க ஒரு நாள் வாத்துக்குஞ்சையே பயன்படுத்தினாங்க, அவ்வளவு சீக்கிரம் அதன் கல்லீரல் காட்டிக்கொடுக்கும். பாதிக் குஞ்சுகளைக் கொல்லும் அளவு, ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 0.36 மில்லிகிராம். 50 கிராம் குஞ்சுக்குக் கணக்குப் போட்டால் 18 மைக்ரோகிராம். கண்ணுக்கே தெரியாது.

வந்தவாசி: வெயிலில் காயவச்சு, வேகவச்சுப் போட்டா சரியாகிடுமே?

வெயில் பூஞ்சை மேலும் வளராமல் தடுக்கும், வேகவைத்தால் பூஞ்சை சாகும். அது ஏற்கெனவே விட்டுப்போன நஞ்சு நம்ம அடுப்புச் சூட்டுக்கு அழியாது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினாலும் போகாது.

செஞ்சி: அதே புண்ணாக்கை மாடு தின்னுதே?

மாட்டுக்கு அசைபோடும் வயிறும் நானூறு கிலோ உடம்பும் இருக்கு. அதுவும் தப்பிக்கிறதில்லை, நஞ்சின் ஒரு பங்கு பாலில் இறங்கும்.

கள்ளக்குறிச்சி: புரதத்துக்குக் கருவாட்டுத் தூள் போடலாமா? ரெண்டு வாரக் குஞ்சு.

உப்பு. வேண்டாம். அவித்த முட்டை, இல்லாவிட்டால் உப்புப் போடாத மீனை வேகவைத்து முள் எடுத்து.

கடலூர்: பொரிச்சு ஒரு நாள். தொப்புள் ஈரமா இருக்கு, வயிறு உப்பலா இருக்கு.

தொங்குவதை இழுக்காதீங்க, வெட்டாதீங்க. போவிடோன் அயோடின் ஒரு சொட்டு, காலையும் மாலையும். அடியில் சுத்தமான துணி. நாற்றம் வந்தால் உள்ளே சீழ், மருத்துவரிடம் போங்க.

சேத்தியாத்தோப்பு: வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையில் கால் பங்கு?

முடியாது.

திருவண்ணாமலை: தோல்முட்டை போடுது, ஒரு வயசு வாத்து.

இன்றைக்குப் பெரிய வாத்து இல்லை.

உளுந்தூர்பேட்டை: அவசரம்! குஞ்சு எழுந்திருக்கவே மாட்டேங்குது, வாயைத் திறந்து கஞ்சி ஊத்திட்டேன், இன்னும் ஊத்தவா?

நிறுத்துங்க. காலைத் தொட்டுப் பாருங்க. ஜில்லென்றால் பண்ருட்டி, கர்கர் என்றால் விருத்தாசலம். இதுக்கு மேல் இன்றைக்கு ஊற்றும் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

புதுச்சேரி: பசங்க குஞ்சைக் கன்னத்தில் வச்சுக் கொஞ்சுறாங்க. பறவைக் காய்ச்சல் பயம் இருக்கு.

தினசரி ஆபத்து சால்மோனெல்லா, அதாவது வயிற்றுப்போக்கு வரவைக்கும் கிருமி. தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவணும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் கையில் கொடுக்காதீங்க, கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீங்க. ஆலப்புழைப் பக்கம் பறவைக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்திருக்கு. திடீரென்று கூட்டமாகச் செத்தால் வெறுங்கையால் தொடாதீங்க, குளத்தில் எறியாதீங்க, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க.

செஞ்சி: சரி அக்கா, கடைசியா ஒண்ணு. செக்கிலிருந்து அன்னைக்கே வந்த புதுப் புண்ணாக்குன்னா?

செக்கு புதுசு, கடலை எப்போ வந்தது? மழையில் நனைந்து குவித்துக் கிடந்த கடலையாக இருந்தால் நஞ்சு செக்குக்கு முன்னாலேயே ஏறியிருக்கும், எண்ணெய் போகும்போது அது புண்ணாக்கில்தான் அதிகம் தங்கும். ஆறு வாரம் வரை குஞ்சுக்குப் புண்ணாக்கே இல்லை. பெரிய வாத்துக்குப் போட்டே தீருவேன் என்றால் சாக்கைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்க. இரண்டு வாரத்தில் தீரும் அளவு மட்டும் வாங்குங்க. உடைத்தால் உள்ளே பச்சையோ கறுப்போ தெரிந்தால் அந்தக் கட்டியை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போடாதீங்க, மூட்டையையே குழியில் புதைங்க. அதை மாட்டுக்கும் போடக்கூடாது.